பூச்சியம் தொலைந்த பட்டியல்

வெள்ள நிவாரணத்திற்காக எமது ஊரில் ஒருமுறை குடும்ப விபரங்கள் திரட்டப்பட்டன. இளைஞர்கள் இணையப் படிவத்தில் பதிந்து, அதனை சீ.எஸ்.வி. கோப்பாகத் தரவிறக்கி, எக்செல்லில் திறந்து, சேமித்து அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்த பட்டியலில் 077 என்று தொடங்கிய தொலைபேசி இலக்கங்களெல்லாம் 77 ஆகியிருந்தன. புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்கள் 1.98E+11 என்று சுருங்கியிருந்தன. தமிழ்ப் பெயர்களோ வெறும் கிறுக்கல். நிவாரணம் இரண்டு நாட்கள் பிந்தியது.

பிழை இளைஞர்களுடையதல்ல. சீ.எஸ்.வி. என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக்கள். எது எண், எது பெயர் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எக்செல் தானாக ஊகித்துக்கொள்கிறது. மார்ச்1, செப்ட்1 என்ற மனித மரபணுக்களை அது திகதியாக்கிய தொல்லை தாங்காமல் விஞ்ஞானிகள் அப்பெயர்களையே மாற்றி, 2020 இல் அதற்கு விதியும் வகுத்தார்கள்!

ஜேசன் இவ்விடயத்தில் மேல். மேற்கோள் குறிக்குள் இட்ட இலக்கம் எழுத்தாகவே நிற்கும். இரு தளங்களிடையே தரவு பரிமாற அதையே நான் சிபாரிசு செய்வேன். எக்ஸ்.எம்.எல். இன்னும் கண்டிப்பானது, ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னும் பின்னும் குறிச்சொல் எழுதும் பொறுமை இப்போது யாருக்குண்டு?

எனினும், ஊர்ச் சங்கச் செயலாளர் ஜேசன் கோப்பைத் திறந்து வாசிக்கப்போவதில்லை. அவருக்கு எக்செல்தான். ஆகவே சீ.எஸ்.வி.யை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். 'டேட்டா' பகுதியினூடாக உள்வாங்கி, யூ.ரீ.எஃப்-8 ஐத் தெரிவுசெய்து, இலக்க நிரல்களை 'டெக்ஸ்ட்' என மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பின் பிரதியொன்றைத் தொடாமல் வையுங்கள். அன்று எங்களைக் காப்பாற்றியதும் படிவத்தில் எஞ்சியிருந்த மூலப் பதிவுதான்.