ஜேட் செடியை போன்சாய் ஆக்குவது எப்படி? திருச்சி வெயிலுக்கு எந்த ஜேட் தாங்கும்?

நர்சரியில் பார்க்கும்போது குட்டி ஆலமரம் மாதிரி இருக்கும். வாங்கி வந்து டிவி பக்கத்தில் வைத்து, தினமும் பாசமாகத் தண்ணீர் ஊற்றினால், சில வாரங்களிலேயே இலை கொட்டி, தண்டு கொழகொழவென்று ஆகிவிடும். 'நம்ம ஊர் வெயிலுக்கு போன்சாய் எல்லாம் சரிப்பட்டு வராது' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால், பெரும்பாலும் செடியைக் கொன்றது வெயில் அல்ல, தண்ணீர். திருச்சி, ஸ்ரீரங்கம் மொட்டை மாடிகளில் ஜேட் போன்சாய் தாராளமாக வளரும். எந்தச் செடி, எப்போது வெட்டணும், எவ்வளவு தண்ணீர் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜேட் என்ற பெயரில் 2 செடிகள்

முதலாவது, கிராசுலா ஒவாட்டா. கட்டைவிரல் அகலத்துக்குத் தடித்த பெரிய இலை. ஓரத்தில் சில சமயம் சிவப்புக் கோடு. இதுதான் அசல் ஜேட்.

இரண்டாவது, போர்ட்டுலகாரியா அஃப்ரா. 1 முதல் 2 செ.மீ. அளவில் சின்னச் சின்ன வட்ட இலை. செம்பழுப்பு நிறத் தண்டு. 'குட்டை ஜேட்' என்ற பெயரில் கிடைக்கும். நம்ம வீட்டு டேபிள் ரோஸ் செடியின் அறிவியல் பெயர் போர்ட்டுலகா. அதன் சாயல் இருப்பதால்தான் இதற்கு இந்தப் பெயர்.

இரண்டுக்கும் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. ஆனால் சுபாவம் வேறு. கிராசுலா கடும் கோடையில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்; அந்த நேரத்தில் வேரில் ஈரம் தங்கினால் சீக்கிரம் அழுகும். போர்ட்டுலகாரியா வெயிலை நன்றாகத் தாங்கும். இலையும் சின்னது என்பதால் சீக்கிரமே மரத்தின் தோற்றம் வந்துவிடும். எனவே, ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் போன்சாய்க்கு ஏற்றது குட்டை ஜேட்தான்.

இதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஃபுளோரிடாவைச் சேர்ந்த போன்சாய் கலைஞர் ஜிம் ஸ்மித், பல ஆண்டுகள் இந்தச் செடியை வைத்துப் பெரிய போன்சாய்களை உருவாக்கினார். அவர் வளர்த்த மரங்களை ஃபோர்ட் பியர்ஸ் நகரின் ஹீத்கோட் தாவரவியல் பூங்காவில் பார்க்கலாம்.

தண்ணீர் ஏன் எதிரியாகிறது?

இந்தச் செடிகள் இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேமித்து வைப்பவை. பகல் வெயிலில் இலைத் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து காற்றை இழுக்கும் திறனும் உண்டு. அதனால் நீர் வீணாவது குறைவு. மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும்.

'வாரத்துக்கு எத்தனை முறை ஊத்தணும்?' என்ற கேள்வியே வேண்டாம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். இலை லேசாகச் சுருங்கினால் தாகம். மஞ்சளாகி, தண்டின் அடிப்பகுதி மெத்தென்று இருந்தால் அழுகல்.

மண்ணும் முக்கியம். காவிரிக்கரை வண்டல் நெல்லுக்கும் வாழைக்கும் அருமை. இந்தச் செடிக்கு ஆகாது. பருமணலும் பொடித்த செங்கல் சல்லியும் சேர்ந்து 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு எனக் கலந்தால் தண்ணீர் தேங்காது.

மர வடிவம் எப்படி வரும்?

* முதலில் தண்டு: சின்னத் தட்டில் வைத்தால் தண்டு சீக்கிரம் பெருக்காது. 2, 3 வருஷமாவது சாதாரண மண்தொட்டியில் வெயிலில் வளரட்டும். தண்டு தடித்த பிறகு போன்சாய் தட்டுக்கு மாற்றலாம்.
* கணு பார்த்து வெட்டு: தண்டில் வளையம் போலத் தெரிவது கணு. அதற்குச் சற்று மேலே வெட்டினால், கீழே உள்ள கணுவில் இரண்டு பக்கமும் துளிர் வரும். ஒரு கிளை இரண்டாகும்; இரண்டு நான்காகும். இப்படியே அடர்த்தி கூடும்.
* ஒட்ட வெட்டாதீர்கள்: தண்டு சாறு நிறைந்தது, காயும்போது சுருங்கும். கொஞ்சம் நீட்டிவிட்டு வெட்டினால், அந்தத் துண்டு தானாகக் காய்ந்து உதிரும்.
* கம்பியில் கவனம்: அலுமினியக் கம்பியைத் தளர்வாகச் சுற்றி, மெதுவாக வளைக்கவும். தண்டு மிருது என்பதால் கம்பி சீக்கிரம் பதிந்து தழும்பாகும். வாரம் ஒருமுறை பார்த்து, பதியத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும்.
* வெட்டியதை வீசாதீர்கள்: நிழலில் 3, 4 நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்ததும் மண்ணில் ஊன்றினால் புதுச் செடி ரெடி.

தொட்டி மாற்றும்போதும் இதே கதைதான். வேரை வெட்டியதும் தண்ணீர் ஊற்றாமல், காயம் ஆற ஒரு வாரம் விடுவது நல்லது.

திருச்சிக்கு ஒரு காலண்டர்

மாசி, பங்குனி: வெட்டவும் தொட்டி மாற்றவும் நல்ல நேரம்.

சித்திரை, வைகாசி: பெரிய வெட்டு வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தரை கொதிக்கும்; ஆழமில்லாத தட்டில் வேர் வெந்துவிடும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மதியத்தில் நிழல்வலை போதும்.

ஆனி, ஆடி, ஆவணி: வளர்ச்சி வேகமாக இருக்கும். கிள்ளலாம், கம்பி கட்டலாம். ஆடிக்காத்தில் மண் சீக்கிரம் காயும், தட்டு கவிழும், கட்டி வைக்கவும்.

ஐப்பசி, கார்த்திகை: இதுதான் கண்டம். வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்யும்போது, மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மார்கழி, தை: தண்ணீரைக் குறைத்து, முழு வெயில் காட்டுங்கள். மாவுப்பூச்சி தெரிந்தால் தண்ணீரால் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

நர்சரி நிழலில் இருந்த செடியை வாங்கியதும் நேராக வெயிலில் வைக்க வேண்டாம், இலை கருகும். 10, 15 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யுமா? வீட்டில் நாய், பூனை இருந்தால்?

தென்னாப்பிரிக்காவில் பரந்து கிடக்கும் போர்ட்டுலகாரியா புதர்க்காடுகள் நிறைய கார்பனைச் சேமிப்பது உண்மை. அதை வைத்து, ஒரு தட்டுச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்ப முடியாது.

செல்லப் பிராணி இருக்கும் வீட்டில் செடியின் வகை இன்னும் முக்கியம். கிராசுலா இலையைத் தின்றால் நாய், பூனைக்கு வாந்தி, சோர்வு வரலாம். போர்ட்டுலகாரியாவோ அதன் சொந்த ஊரில் யானைகளுக்குத் தீனி. மனிதர்களும் அந்தப் புளிப்பு இலையைச் சாப்பிடுகிறார்கள். எனவே, வாங்கும்போது பெயர்ச்சீட்டை நம்பாமல், இலையின் அளவையும் தண்டின் நிறத்தையும் பார்த்து எடுங்கள்.