ஒரு போர்வைக்கு 1,500 மீற்றர்: லோங்-ஆர்ம் நூலின் கணக்கு

கொழும்பில் பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சேரும் ஒருகொடவத்தைப் பக்கத்தில் சுங்கத் திணைக்களம் கொள்கலன்களைத் திறந்து பார்க்கும் தளம் ஒன்று இருக்கிறது. திறக்கும் பெட்டியில் தையல் நூல் இருந்தால் சுங்க அட்டவணையில் அதற்கு மூன்று தலைப்புகள் உண்டு. பருத்தி நூலுக்கு 5204. நீளிழையில் செய்த செயற்கை நூலுக்கு 5401. வெட்டிழையை நூற்றுச் செய்த செயற்கை நூலுக்கு 5508. லோங்-ஆர்ம் மெஷினில் குவில்ட் போர்வை தைப்பவர் கடையில் தெரிவு செய்வதும் இந்த மூன்றுக்குள்தான். சுங்க அதிகாரி இழையையும் எடையையும் கேட்கிறார். தைப்பவர் நிறத்தையும் பெயரையும் கேட்கிறார். தைப்பவரும் முதலில் எடையைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

லோங்-ஆர்மில் துணி உருளைகளில் விறைப்பாக நிற்கும், மெஷினின் தலைதான் நகரும். கைப்பகுதியின் நீளம் 18 முதல் 30 அங்குலம் வரை. வேகம் நிமிடத்துக்கு 1,500 தையல், சில மெஷின்களில் அதைவிடக் கூட. சாதாரண மெஷினில் துணி ஒரே திசையில் போகும். இங்கே ஊசி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும், ஓடும்போது வளையும். மேல் நூல் தையலாகப் படிவதற்கு முன் ஊசிக்காதுக்குள் பல பத்துத் தடவை உரசிப் போய் வருகிறது. கார்மென்ட்ஸில் சட்டை தைத்த நூல் இங்கே வந்ததும் அறுவதற்குக் காரணம் இந்த உரசலும் வளைவும்தான். நூல் மட்டம் என்று உடனே சொல்லிவிட முடியாது.

கோன் லேபலில் முதலில் குழப்புவது 40 என்ற எண். அமெரிக்கப் பட்டியலில் 40 வெயிட் என்றால் ஒரு கிராமில் 40 மீற்றர் நூல், அதாவது 1,000 மீற்றர் 25 கிராம். புறக்கோட்டைக் கடைகளில் 40/2 என்பது வேறு முறை. ஒரு இறாத்தலில் 840 யார் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே 40. அப்படி இரண்டு இழை முறுக்கினால் 1,000 மீற்றர் 29.5 கிராம் வரும். அதே முறையில் 40/3 பருத்தி நூல் 44.3 கிராம். மூன்றிலும் 40 இருக்கிறது, ஆனால் கனம் 25இலிருந்து 44 வரை போகிறது. கார்மென்ட்ஸ்காரர் சொல்லும் டிக்கெட் 120ஐ, 3,000ஐ 120ஆல் வகுத்து 25 என்று எடுக்கலாம். லேபலில் பெரும்பாலும் டெக்ஸ் 24 அல்லது 27 என்று இருக்கும். டெக்ஸ் என்பது 1,000 மீற்றரின் கிராம் எடை, அவ்வளவுதான். எல்லா எண்ணையும் டெக்ஸாக மாற்றிக் கோனின் அடியில் பேனாவால் எழுதி வைத்துவிட்டால் மீதிக் கணக்கு ஓடும்.

ஒருகொடவத்தையில் ஒரு சிறு பட்டறை, மாதம் 20 குவில்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 90 அங்குலம் அகலம், 100 அங்குலம் நீளம். கோடுகள் அரை அங்குல இடைவெளியில் விழுகின்றன. அப்படியென்றால் 180 கோடு, மொத்தம் 18,000 அங்குலம், அதாவது 457 மீற்றர் தையல். அங்குலத்துக்கு 10 தையல் வீதம் 1,80,000 தையல். நிமிடத்துக்கு 1,500 என்றால் ஊசி மட்டும் ஓடும் நேரம் 2 மணி.

நூல் எவ்வளவு? சட்டைத் துணியில் ஒரு மீற்றர் தையலுக்கு மேல் நூலும் கீழ் நூலும் சேர்த்து 2.5 மீற்றர் போடுவது வழக்கம். குவில்ட்டில் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சுத் தகடு இருப்பதால் நூல் ஒவ்வொரு தையலிலும் ஆழமாக இறங்கி ஏறுகிறது. தையல் நீளம் 2.54 மில்லிமீற்றர், அழுந்திய கனம் அதில் பாதி என்றால், மேல் நூல் ஒரு தையலுக்கு 3.81 மில்லிமீற்றர் போகிறது, கீழ் நூலும் அதேயளவு. எனவே மடங்கு 3. தொடக்கம், முடிவு, வெட்டி எறிவது என்று 10 வீதம் கூட்டினால் குவில்ட் ஒன்றுக்கான கணக்கு இது:

கோடு 1 அங்குல இடைவெளி: ஏறத்தாழ 750 மீற்றர்
கோடு ½ அங்குல இடைவெளி: ஏறத்தாழ 1,500 மீற்றர்
கோடு ¼ அங்குல இடைவெளி: ஏறத்தாழ 3,000 மீற்றர்

பஞ்சு தடித்தால் மடங்கு 3ஐத் தாண்டும். அதனால் பஞ்சை முடிவு செய்யாமல் நூலுக்கு ஓடர் கொடுக்கக் கூடாது. 1,500 மீற்றர் டெக்ஸ் 27 நூலின் எடை 40.5 கிராம், 40/3 பருத்தியில் 66 கிராம். துணியும் பஞ்சும் சேர்ந்து இரண்டு கிலோ அளவில் வரும் போர்வையில் இது இரண்டு மூன்று வீதம்.

இதில் பாதி, 750 மீற்றர், பொபினில் போகிறது. பெரிய எம் அளவுப் பொபினில் டெக்ஸ் 24 நூல் சுமார் 180 மீற்றர் பிடிக்கும். குவில்ட்டுக்கு நாலு பொபின், ஐந்தாவதில் கொஞ்சம். அதே பொபினில் டெக்ஸ் 40 சுற்றினால் 108 மீற்றர்தான் பிடிக்கும், ஏழு பொபின் தேவைப்படும். சிறிய எல் அளவில் டெக்ஸ் 24 போட்டாலும் ஏழு. பொபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் கோடு நடுவில் நிற்கிறது, முனையை ஒளிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கீழே மெல்லிய நூல் என்பது என் உறுதியான சிபாரிசு. மேலே தடித்த நூலை விரும்புகிறவர்களும் கீழே டெக்ஸ் 24ஐத் தாண்டத் தேவையில்லை. நிறம் மட்டும் ஒத்திருக்கட்டும். ஒத்திராவிட்டால் டென்ஷன் சிறிது பிசகினாலும் மேலே புள்ளி புள்ளியாகக் கீழ் நூல் தெரியும்.

இனிப் பணம். கணக்குக்காக, வெளிநாட்டுக் குவில்ட் நூல் 5,000 மீற்றர் கோன் 10 டொலர், டொலர் 300 ரூபா என்று வைப்போம். அதே நீளமுள்ள உள்ளூர் 40/2 ஸ்பன் பொலியெஸ்டர் கோன் 600 ரூபா என்போம். குவில்ட்டுக்கு முதலாவது 900 ரூபா, இரண்டாவது 180 ரூபா. வித்தியாசம் 720.

விலை கூடிய நூல் அந்த 720ஐத் திருப்பித் தருமா? நூல் ஒரு முறை அறுந்தால் நிறுத்தி, பிரித்து, கோத்து, மறுபடி தொடங்க 3 நிமிடம் என்று கொள்வோம். ஆள் கூலியும் மெஷின் நேரமும் மணிக்கு 600 ரூபா என்றால் ஓர் அறுப்பின் விலை 30 ரூபா. 720ஐ 30ஆல் வகுத்தால் 24. உள்ளூர் நூல் ஒரு குவில்ட்டில் 24 தடவைக்கு மேல் கூடுதலாக அறுந்தால்தான் வெளிநாட்டு நூல் லாபம். 1,80,000 தையலில் 24 என்பது 7,500 தையலுக்கு ஒன்று, அதாவது ஊசி ஓடும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஓர் அறுப்பு. அதைவிடக் குறைவாக அறும் நூலைத் தள்ளிவைக்கப் பணக்கணக்கில் காரணம் இல்லை.

டொலர் ஏறினால் இந்த எல்லையும் நகரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. 360இல் அதே கோன் குவில்ட்டுக்கு 1,080 ரூபா. வித்தியாசம் 900, எல்லை 30 அறுப்பு, நாலு நிமிடத்துக்கு ஒன்று. எனவே பட்டறைச் சுவரில் தொங்க வேண்டியது அறுப்புப் பட்டியல்: திகதி, கோன், ஊசி, அறுந்த தடவை. விலைப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

ஆனால் எல்லாம் பணத்தில் அடங்காது. ஸ்பன் நூல் வெட்டிழைகளால் ஆனது, மேலெல்லாம் பூனைமயிர் போலச் சிலும்பு. அது பொபின் கூட்டில் சேர்ந்து டென்ஷனைக் கெடுக்கும். 5401இல் அடங்கும் நீளிழை நூலில் சிலும்பு இல்லை, மினுமினுப்பு உண்டு. வெள்ளைக் குவில்ட்டில் அந்த மினுக்கு எனக்குப் பிடிப்பதில்லை. பருத்தி நூல் பார்வைக்கு அழகு. ஆனால் சாதாரண அறைநிலையில் பருத்தி தன் எடையில் 8 வீதம் அளவுக்கு ஈரம் பிடிக்கும், பொலியெஸ்டர் 0.4 வீதம்தான். கொழும்பின் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் பருத்திக் கோன் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். பொலியெஸ்டரின் பலவீனம் சூடு: 250 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருகிவிடும். வேகத்தில் சூடேறிய ஊசியைத் தடித்த தையலின் நடுவே நிறுத்தினால் நூல் அங்கேயே இளகும்.

இவற்றுக்கு நடுவே நிற்பது கோர்-ஸ்பன் நூல். உள்ளே நீளிழை, வெளியே வெட்டிழைப் போர்வை. அதே டெக்ஸில் ஸ்பன் நூலைவிட வலுக் கூடியது, மினுக்கும் இல்லை. அமெரிக்காவில் லோங்-ஆர்ம் தைப்பவர்கள் விரும்பும் பேர்மா கோர் இந்த வகை. அதைச் செய்வது 1891இல் வட கரோலினாவில் தொடங்கிய அமெரிக்கன் அண்ட் எஃபர்ட். அந்த நிறுவனத்துக்கு இங்கே தொம்பேயின் பலுகமவில் தொழிற்சாலை இருக்கிறது, கார்மென்ட்ஸுக்கு நூல் கொடுக்கிறது. அதனால் கொழும்பில் குவில்ட் தைப்பவர் முதலில் கேட்க வேண்டியது கார்மென்ட்ஸுக்கு வரும் டெக்ஸ் 24 முதல் 30 வரையான கோர்-ஸ்பன் கோன். குவில்ட் என்று அச்சிட்ட பெட்டி தேவையில்லை.

ஊசியைப் பற்றிச் சிறிது. லோங்-ஆர்மில் 100ஆம் நம்பர் ஊசியின் தண்டு 1 மில்லிமீற்றர். காது அதில் 40 வீதம், சுமார் 0.4. டெக்ஸ் 27 நூலின் விட்டம் ஏறத்தாழ 0.2, தாராளமாகப் போகும். 40/3 பருத்தி 0.25ஐ நெருங்கும். அதற்கு 110ஆம் நம்பர் பாதுகாப்பு.

மாதம் 20 குவில்ட்டுக்கு 30,000 மீற்றர், ஆறு கோன். டெக்ஸ் 27இல் ஒரு கோன் 135 கிராம், ஆறும் 810 கிராம். மாத நூல் ஒரு கிலோவுக்குக் குறைவு என்பதால் மொத்த விலைக்காக ஐம்பது நிறம் வாங்கி அடுக்குவதில் அர்த்தமில்லை. பால்வெள்ளையில் இரண்டு, வெளிர் சாம்பலில் இரண்டு, கருநீலத்தில் ஒன்று. ஆறாவது கோன் வாடிக்கையாளர் கேட்கும் நிறத்துக்கு.