உங்களுக்குத் தெரியுமா? ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்குச் சில தகவல்கள்

லண்டன் மருத்துவமனையில் செவிலியர் வேலை, மெல்பர்னில் மேற்படிப்பு, கனடாவில் குடியேற்றம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அடுத்து வரும் சொல் ஐஇஎல்டிஎஸ். மாதக்கணக்கில் மாக் டெஸ்ட் எழுதியும் ‘பேண்ட்’ என்கிற மதிப்பெண் அசையவில்லை என்று வருந்துகிறவர்கள் பலர். ஆங்கிலம் போதாமல் தவறுகிறவர்களும் உண்டு. ஆங்கிலம் இருந்தும், தேர்வு என்ன கேட்கிறது என்று தெரியாமல் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரை நினைத்தே இந்தத் தகவல்களைத் தொகுத்திருக்கிறோம்.

● மூன்று பேர், 12 மணி நேரம்
பிற மொழிக்காரர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-ல் ஒரு தேர்வைத் தொடங்கியது. எழுத வந்தவர்கள் 3 பேர். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல் என எல்லாம் சேர்த்துச் சுமார் 12 மணி நேரம். மூவரில் ஒருவரும் தேறவில்லை. இன்றைய ஐஇஎல்டிஎஸ் 3 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

● பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும்?
1980-ல் வந்த ஈஎல்டிஎஸ் என்ற தேர்வைத் திருத்தி அமைத்து, 1989-ல் ஐஇஎல்டிஎஸ் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் இதன் உரிமையாளர்கள். பயிற்சிக்கான அசல் மாதிரித் தேர்வுகளை கேம்பிரிட்ஜே புத்தக வரிசையாக வெளியிட்டுவருகிறது. யார் யாரோ தயாரித்த தாள்களைச் சேர்ப்பதைவிட, அந்த வரிசையில் இரண்டு புத்தகங்களை ஆழமாகப் படிப்பது மேல்.

● எந்தத் தேர்வு உங்களுக்கு?
கல்லூரிப் படிப்புக்குப் பெரும்பாலும் அகாடமிக். குடியேற்றத்துக்குப் பெரும்பாலும் ஜெனரல் டிரெய்னிங். இரண்டிலும் லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும்தான் வேறு. அகாடமிக்கில் ரைட்டிங் முதல் டாஸ்க் வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்குவது. ஜெனரலில் கடிதம் எழுதுவது. பணம் கட்டும் முன் எது வேண்டும் என்று நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

● பத்து தவறினாலும் 7 வரும்
லிசனிங்கில் 40 கேள்வி, அகாடமிக் ரீடிங்கிலும் 40 கேள்வி. இரண்டிலும் 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய பேண்ட் 7. 23 சரியென்றால் ஏறக்குறைய 6. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. அதனால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு அடுத்த நான்கை இழப்பதைவிட, அதை விட்டுவிட்டு நகர்வது நல்லது.

● ஒலிப்பதிவு ஒரே முறைதான்
லிசனிங்கில் நான்கு பகுதிகள், பகுதிக்கு 10 கேள்விகள். எதையும் மறுமுறை போட மாட்டார்கள். முதல் பகுதியில் பெரும்பாலும் பெயர், முகவரி, தேதி, தொலைபேசி எண் வரும். பேசுபவர், “வகுப்பு செவ்வாய்க்கிழமை... இல்லை, அன்று இடம் நிரம்பிவிட்டது, வியாழக்கிழமை வாருங்கள்” என்பார். செவ்வாய் என்று கேட்டதுமே எழுதிவிட்டுப் பேனாவை மூடினால் விடை தவறு. வாக்கியம் முடியும்வரை காது திறந்திருக்க வேண்டும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது முதல் முறை நிறுத்தாமல் கேளுங்கள். விடை சரிபார்த்தபின், தவறிய இடத்தை மட்டும் எழுத்துவடிவத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நான்கு முறை கேளுங்கள். காது பழகுவது அந்த இரண்டாம் சுற்றில்தான்.

● ஒரு ‘எம்’ குறைந்தால் ஒரு மதிப்பெண் போச்சு
விடை தெரிந்திருந்தும் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை. ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லில் இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’. தங்குமிடம் பற்றிய உரையாடல்களில் அடிக்கடி வரும் சொல் இது. அடிக்கடி தவறும் சொல்லும் இதுதான். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும். லிசனிங், ரீடிங் விடைகளை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதலாம். ‘இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது’ என்றால் மூன்றாவது சொல் விடையையே கெடுத்துவிடும்.

● ‘ஃபால்ஸ்’ வேறு, ‘நாட் கிவன்’ வேறு
ஒரு கூற்று பத்தியோடு ஒத்துப்போகிறதா (ட்ரூ), முரண்படுகிறதா (ஃபால்ஸ்), பத்தியில் சொல்லப்படவே இல்லையா (நாட் கிவன்) என்று கேட்பார்கள். ரீடிங்கில் எல்லோரையும் தடுமாற வைக்கும் இடம் இது. ஒரு சிறு எடுத்துக்காட்டு. பத்தியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “இந்த நூலகத்தில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.”

முதல் கூற்று: “மாணவர்கள் பணம் கட்ட வேண்டும்.” பத்தி சொல்வதற்கு நேர் எதிர். ஆகவே ஃபால்ஸ்.

இரண்டாம் கூற்று: “ஆசிரியர்கள் பணம் கட்ட வேண்டும்.” மாணவர்களுக்கு மட்டும்தானே இலவசம், மற்றவர்கள் கட்டத்தானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் ஆசிரியரைப் பற்றிப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நாட் கிவன்.

‘இதை மறுக்கும் வரி எது?’ என்று உங்களையே கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருந்தால் ஃபால்ஸ். ஆமோதிக்கவோ மறுக்கவோ வரியே இல்லையென்றால் நாட் கிவன். நமக்கு ஏற்கெனவே தெரிந்த உலக விஷயத்தை இங்கே கொண்டுவரவே கூடாது.

● 60 நிமிடம், மூன்று பத்தித் தொகுதிகள்
அகாடமிக் ரீடிங்கில் மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள்வரை வாசிக்க வேண்டும். தாளில் எழுதுகிறவர்களுக்கு, விடையைப் படிவத்தில் நிரப்பத் தனி நேரம் கிடையாது. லிசனிங்கில் மட்டும் 10 நிமிடம் தருவார்கள். வீட்டில் ஒரு தொகுதி இன்று, ஒன்று நாளை என்று பிரித்துப் படிப்பது தொடக்கத்தில் சரி. தேர்வு நெருங்கும்போது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகியே ஆக வேண்டும். மூன்றாவது தொகுதிக்கு வரும்போது கண்ணும் மனமும் களைத்திருக்கும். அந்தக் களைப்புக்கும் பயிற்சி தேவை.

● இரண்டாம் டாஸ்க்குக்கு இரண்டு பங்கு
ரைட்டிங்கில் முதல் டாஸ்க் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவது குறைந்தது 250. மதிப்பெண் கணக்கில் இரண்டாவதற்கு இரு மடங்கு எடை. அதனால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் கையெழுத்தில் 250 சொற்கள் எத்தனை வரி பிடிக்கும் என்று ஒருநாள் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வறையில் சொல் எண்ணி நேரம் போகாது. கணினியில் எழுதினால் எண்ணிக்கை திரையிலேயே தெரியும்.

● கனமான சொல்லுக்குக் கால் பங்குதான்
கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கோவையாகச் சொன்னீர்களா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்று ரைட்டிங்குக்கு நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். யாரும் பேசாத பெரிய சொற்களை நாளெல்லாம் உருப்போட்டாலும் அது ஒரு கால் பங்கைத்தான் தொடுகிறது. சொல் பொருந்தாத இடத்தில் விழுந்தால் அந்தக் கால் பங்கும் குறையும். மனப்பாடம் செய்த கட்டுரையைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு; அதற்கு மதிப்பெண்ணும் குறையும்.

● விகுதி நமக்குப் புதிதா என்ன?
‘அவன் போகிறான், அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள்’ என்று ஆளுக்கு ஏற்ப வினையை மாற்றுவது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கில நிகழ்காலத்தில், ஒருவரைப் பற்றியோ ஒரு பொருளைப் பற்றியோ பேசும்போது வினையில் ஓர் ‘எஸ்’ சேர்த்தால் போதும். அந்த ஒற்றை ‘எஸ்’ஸைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். இன்னொன்று, ‘ஏ’, ‘தி’. தமிழில் இவற்றுக்கு நேரான பழக்கம் இல்லை. கட்டுரை முடித்ததும் கடைசி 3 நிமிடத்தை இந்த இரண்டையும் தேட மட்டும் ஒதுக்குங்கள்.

● நம் உச்சரிப்பு சாயலுக்கு மதிப்பெண் குறையாது
ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். லண்டன்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. புரியும்படி பேச வேண்டும். தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிக்கும் உதவுகிறது. ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும் ‘பேக்’கும் மூட்டை கட்டுவதைக் குறிக்கும் ‘பேக்’கும் அந்த ஓர் ஒலியில்தான் பிரிகின்றன. சொல்லில் அழுத்தம் விழும் இடமும் முக்கியம்: ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் முதல் அசையில், ‘ஃபொடோகிராஃபர்’ என்றால் இரண்டாம் அசையில். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால் நம் காதே நமக்கு ஆசிரியர்.

● இடையில் நிறுத்தினால் பயப்படாதீர்கள்
இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டை தருவார்கள். குறிப்பெடுக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம்வரை. 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் நிறுத்திவிடுவார். அது நேரக் கட்டுப்பாடு. நீங்கள் தவறாகப் பேசியதற்கான அறிகுறி இல்லை. உங்கள் கருத்து சரியா தவறா என்றும் அவர் பார்ப்பதில்லை. அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்றே பார்க்கிறார்.

● கால் பேண்ட் உயர்த்தித் தருவார்கள்
நான்கு பிரிவுகளின் சராசரியே மொத்த பேண்ட். 6.5, 6.5, 6, 6 வாங்கினால் சராசரி 6.25, அது 6.5 ஆகும். 6.75 என்றால் 7. ஆனால் பல இடங்களில் பிரிவுவாரியாகவும் கேட்பார்கள். பிரிட்டனின் செவிலியர் பதிவு மன்றம் 2018 முதல் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 என்று வைத்திருக்கிறது. இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் கிடையாது. முடிவு பொதுவாக 2 ஆண்டு செல்லும்.

● செவிலியருக்கென்றே ஒரு தேர்வு
மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் உள்ளிட்ட 12 தொழில்களுக்கு ஓஇடி என்ற தேர்வு இருக்கிறது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. ஸ்பீக்கிங்கில் எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். நீங்கள் செவிலியராகவே பேசுவீர்கள். ரைட்டிங்கில் நோயாளியின் குறிப்புகளைப் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும். வார்டில் தினமும் செய்கிற வேலை என்பதால், பணியில் இருப்பவர்களில் பலருக்கு இது இயல்பாக வருகிறது.

● தாள் கணக்கு வேண்டாம், பிழைக் கணக்கு வைப்போம்
80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு மாக் டெஸ்ட் முடிந்ததும் தவறிய கேள்வி, நான் எழுதியது, சரியான விடை, ஏன் தவறியது என்று நான்கு கட்டம் போடுங்கள். நான்காவது கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதக் கூடாது. ‘வியாழன் சொல்வதற்குள் செவ்வாய் எழுதிவிட்டேன்’, ‘பத்தியில் இல்லாததை நானே சேர்த்துக்கொண்டேன்’ என்று நடந்ததை எழுதுங்கள். இருபது வரி சேர்வதற்குள் ஒரே தவறு மூன்று நான்கு முறை தலைகாட்டும். அடுத்த வாரப் பயிற்சியை அந்தத் தவறிலிருந்து தொடங்குங்கள்.