முப்பரிமாண வரைகலைப் பணிக்கான வன்பொருள் தேர்வு

முப்பரிமாண உருவமைப்பு, அசைவூட்டம், காட்சி விளைவுகள் போன்ற கனமான வேலைகளுக்குப் பயன்படும் கணினி வரைகலைப் பணிநிலையம் எனப்படுகிறது. இதன் உறுப்புகளில் எது வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது, பயன்படுத்தும் மென்பொருளையும் செய்யும் வேலையையும் பொறுத்து மாறும். ஆகவே, ஒருவர் செய்யும் வேலையை ஒத்த வேலையில் அளந்து பார்த்துச் சொல்லப்படும் ஆலோசனையே நம்பத்தக்கது.

நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட ஒரு நிமிட அசைவூட்டப் படத்தில் 1,440 சட்டகங்கள் உள்ளன. ஒரு சட்டகத்தை ரெண்டர் செய்ய 5 நிமிடம் ஆனால் மொத்தம் 120 மணி நேரம், அதாவது 5 நாள்கள் தேவைப்படும். அது 4 நிமிடமாகக் குறைந்தால் ஏறத்தாழ ஒரு நாள் மிச்சமாகும். தவறான உறுப்பில் பணத்தைச் செலவிட்டால் இந்த மிச்சம் கிடைக்காது.

பணியும் உறுப்பும்

உருவமைப்பில் பல கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே இயங்குகின்றன. அங்கே மையச் செயலியின் ஒற்றைக் கோர் வேகமே முக்கியம். மையச் செயலியைக் கொண்டு ரெண்டர் செய்யும்போது எல்லாக் கோர்களும் பயன்படும். 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்தின் வழிவந்த ஆம்டால் விதி இதன் எல்லையைக் காட்டுகிறது. ஒரு வேலையில் 90 விழுக்காட்டை மட்டுமே பிரித்துச் செய்ய முடியுமானால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது.

வரைகலை அட்டையில் ரெண்டர் செய்வோருக்கு அட்டையின் நினைவகமும் ஒரு வரம்பாகும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070 அட்டை ஆர்டிஎக்ஸ் 3060ஐ விட வேகமானது. ஆனால் முன்னதில் 8 ஜிபி நினைவகமும், பின்னதன் தொடக்கப் பதிப்பில் 12 ஜிபி நினைவகமும் உள்ளன. 10 ஜிபி தேவைப்படும் காட்சி 3060இல் முழுமையாக அடங்கும். 3070இலோ கணினியின் முதன்மை நினைவகத்தை நாடி வேகம் குறையலாம், அல்லது ரெண்டர் நின்றுவிடலாம். இரண்டு அட்டைகளைப் பொருத்தினாலும் பொதுவாக நினைவகம் கூடுவதில்லை. ஒவ்வோர் அட்டையும் காட்சியின் தனிப் படியை வைத்திருக்க வேண்டும்.

செயல்திறன் சோதனைகள்

ஒவ்வொரு சோதனையும் ஒரு குறிப்பிட்ட வேலையையே அளக்கிறது. மாக்சன் நிறுவனத்தின் சினிபெஞ்ச் ஆர்23 மையச் செயலியில் ரெண்டர் செய்யும் வேகத்தை மட்டும் காட்டுகிறது. பிளெண்டர் ஓப்பன் டேட்டா தளம், பயனர்கள் தம் கணினிகளில் ஓட்டி அனுப்பிய ரெண்டர் முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. ஸ்பெக்வியூபெர்ஃப், மாயா, சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் காட்சியைத் திரையில் திருப்பிப் பார்க்கும் வேகத்தை அளக்கிறது. ரெண்டர் மதிப்பெண்ணைப் பார்த்து உருவமைப்புக்குக் கணினி வாங்குவது பொருந்தாது.

மடிக்கணினிகளில் பெயரை மட்டும் நம்ப இயலாது. மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3080இன் மின்திறன் 320 வாட். மடிக்கணினியில் அதே எண்ணைத் தாங்கிய சில்லு 80 முதல் 150 வாட் வரை வடிவமைக்கப்பட்டது, கோர்களும் குறைவு. ஓரிரு நிமிடச் சோதனை, சூடேறிய பின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதையும் காட்டாது.

ஆலோசனையின் மூலங்கள்

உற்பத்தியாளரின் ஒப்பீட்டு வரைபடம் தனக்குச் சாதகமான அமைப்பில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். விற்பனையாளர் கையிருப்பில் உள்ளதைப் பரிந்துரைக்கக்கூடும். விமர்சகருக்கு விற்பனைத் தரகு கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் சான்றளிக்கப்பட்ட வன்பொருள் பட்டியல், அந்த அட்டையும் அதன் இயக்கி மென்பொருளும் சிக்கலின்றி இயங்குமா என்பதற்குச் சான்று, வேகத்துக்கு அன்று.

ஆலோசனை பழையதாகவும் ஆகிவிடும். 2021 டிசம்பரில் வெளியான பிளெண்டர் 3.0, தன் சைக்கிள்ஸ் ரெண்டர் இயந்திரத்தில் ஓப்பன்சிஎல் ஆதரவை நீக்கியது. அதனால் ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய ஏஎம்டி அட்டைகள் புதிய பதிப்புகளில் சைக்கிள்ஸ் ரெண்டருக்குப் பயன்படாமல் போயின. அதற்கு முன் அந்த அட்டைக்குச் சொல்லப்பட்ட பரிந்துரை அன்றைக்குச் சரியானதே, இன்றைக்குப் பொருந்தாது.

கேட்கும் முறை

ஆலோசனை கேட்பவர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பது நல்லது:

• மென்பொருள், அதன் பதிப்பு, ரெண்டர் இயந்திரம்
• வழக்கமான காட்சிக்குத் தேவைப்படும் நினைவகம்
• வேலையின் எந்தக் கட்டத்தில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியுள்ளது
• இப்போதுள்ள கணினியும் அதன் மின்வழங்கியின் திறனும்
• செலவிடக்கூடிய தொகை

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து வேலை செய்தால், மையச் செயலி, முதன்மை நினைவகம், வரைகலை அட்டை ஆகியவற்றுள் எது முதலில் நிரம்புகிறது என்று ஓரளவு தெரியவரும். வாங்கும் முன் சொந்தக் கோப்பு ஒன்றை அதே வகைக் கணினியில் ரெண்டர் செய்து பார்ப்பது எல்லாவற்றிலும் உறுதியான சோதனை. இந்த விவரங்கள் எதையும் கேட்காமலே ஓர் அட்டையின் பெயரைச் சொல்பவரின் பரிந்துரை, வாங்குபவரின் வேலையை அறியாமல் சொல்லப்பட்டதாகும்.