தெருவைப் படிக்கும் கண்கள் – 9: கம்பம் யாருடையது?

கணக்கெடுப்பைக் கற்றுத்தரும் ஊர் மும்பையின் தேவ்நார். கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான் 1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்திவருகிறது. அந்த வட்டாரத்திலேயே டாடா சமூக அறிவியல் நிறுவனமும் உண்டு. நாட்டில் எத்தனை வீடுகளில் கழிப்பறை இருக்கிறது, எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்பதெல்லாம் இங்கே தெரியும். வாசலில் நிற்கும் விளக்குக் கம்பத்தைப் பற்றிக் கேட்டால்தான் சிக்கல். மும்பையின் தென்பகுதித் தெருவிளக்குகளை பெஸ்ட் பார்க்கிறது, புறநகரில் பெரும்பாலும் அதானி, பாண்டுப்-முலுண்ட் பக்கம் மகாவிதரண்; மூன்றும் மின்சார நிறுவனங்கள். கம்பத்தடியில் இருக்கும் சாக்கடை மூடியோ மாநகராட்சியின் பொறுப்பு.

சென்ற வாரம் பார்த்த, தெருவை அளந்து வரைபடமாக்கும் கேமரா வண்டிக்கு இந்தப் பாகப்பிரிவினை எதுவும் தெரியாது. போகிற போக்கில் எல்லாவற்றையும் படம் பிடிக்கும். லேசர் கம்பத்தின் உயரத்தையும் சாய்வையும் அளக்கும். செயற்கைக்கோள் சமிக்ஞை இடத்தைச் சொல்லும். பிறகு மென்பொருள் இது கம்பம், இது பலகை, இது மூடி என்று பிரித்து வரைபடத்தில் ஏற்றும். காட்கோபர்-மான்குர்த் இணைப்புச் சாலைக்கு வந்தால் அதற்கும் தடுமாற்றம்தான். அங்கே 2021 ஆகஸ்டில் திறந்த மேம்பாலம் ஏறக்குறைய 3 கி.மீ. நீளம்; அடியில் போகும் வண்டிக்கு வானம் தெரியாது. சக்கரம் சுற்றிய கணக்கையும் அசைவு உணரியையும் வைத்து வண்டி தன் இடத்தை ஊகிக்கும். போகப் போகப் பிழை கூடும். திருத்தாமல் விட்டால், பாலத்தடிக் கம்பம் வரைபடத்தில் எதிர்க் கடைக்குள் போய் நிற்கும்!

அதையாவது திருத்திவிடலாம். 1927 முதல் வளர்ந்த தேவ்நார்க் குப்பைமேட்டை ஒட்டிய சிவாஜி நகர், பைங்கன்வாடிச் சந்துகளுக்குள் கார் எப்படி நுழையும்? கைபேசியால் வேலையை முடிக்கலாமே என்பார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012 வாக்கில் அதைச் செய்து பார்த்தது: வண்டி குழியில் குலுங்கினால் கைபேசி தானே தகவல் அனுப்பும். ஆனால் கார், ஸ்மார்ட்போன் இரண்டும் அதிகம் உள்ள பேட்டைகளின் குழிகள்தான் கணக்கில் முந்திக்கொள்ளும் என்ற விமர்சனம் எழுந்தது. தேவ்நார் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009 மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது. இந்த வகைக் கணக்கெடுப்பு இங்கே வந்தால் யார் விடுபடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் காசும் ஆளும் போட்டுச் சரிக்கட்டலாம். எனக்குப் பெரிய கவலை வேறு. 2024 மே 13 மாலை, புழுதிப் புயலில் காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் சரிந்த விளம்பரப் பலகை 17 பேரைக் கொன்றது. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40 அடி. அது 120க்கு 120. கிழக்கு விரைவுச் சாலையில் போன எல்லோரும் பார்த்ததுதான். நாட்டிலேயே பெரியது என்று லிம்கா சாதனைப் புத்தகத்திலும் ஏறியிருந்தது. அளவெடுத்தாயிற்று, பதிவும் செய்தாயிற்று. ஆனால் அது நின்றது ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலத்தில். எங்களிடம் அனுமதி வாங்கவில்லை என்றது மாநகராட்சி. அனுமதி கொடுத்திருந்ததோ ரயில்வே போலீஸ். கேமரா வண்டி தினமும் அந்த வழியாகப் போயிருந்தாலும் இன்னொரு படம்தான் கிடைத்திருக்கும்.

ஆகவே வண்டி வாங்குமுன் மாநகராட்சி செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நிலம் யாருடையதானாலும், கம்பத்திலும் பலகையிலும் உரிமையாளர் பெயரையும் உரிம எண்ணையும் தரையிலிருந்து படிக்கும் அளவில் எழுதவைக்க வேண்டும். எழுத்தைப் படிப்பது மென்பொருளுக்குச் சுலபம். எண் இல்லாததையும், பட்டியலில் இல்லாத எண்ணையும் அன்று மாலையே பிரித்துக் கொடுத்துவிடும். அதற்கு அந்தப் பட்டியல் ஒன்றாக இருக்கவேண்டும். மாநகராட்சி, ரயில்வே, மின்சார நிறுவனங்கள் எல்லாம் ஒரே கோப்பில் எழுத ஒப்புக்கொள்வது, லேசர் வாங்குவதைவிடக் கடினமான காரியம்.

அடுத்த வாரம் நாக்பூர்: 2021இல் மாநகரப் பேருந்துகளில் கருவி பொருத்தி, விபத்து நேரும் முன்பே ஆபத்தான இடங்களைத் தேடத் தொடங்கிய கதை.

(தொடரும்)