பாக்டீரியா மூளையுறை அழற்சியின் விரைவு மூலக்கூறு நோயறிதல்

பாக்டீரியா மூளையுறை அழற்சியின் விரைவு மூலக்கூறு நோயறிதல் என்பது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள உறைகளில் அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியாவை, அதன் மரபணுப் பொருளைக் கொண்டு சில மணி நேரத்தில் அடையாளம் காணும் ஆய்வக முறையாகும். இந்நோய் ஒரே நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, நோயுற்றவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களில் 5 பேரில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற கடுமையான பாதிப்புகள் ஏற்படுகின்றன.

வழக்கமான முறைகள்

நோயாளியின் கீழ்முதுகில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீர் எடுக்கப்படுகிறது. கிராம் சாயமேற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தால் அவை கண்ணில் படாமல் போகலாம். வளர்ப்புச் சோதனை உறுதியானது என்றாலும் 1 முதல் 3 நாட்கள் வரை ஆகும். மேலும், உயிரைக் காக்க நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து உடனே தரப்படுவதால், அதன் பிறகு எடுக்கப்படும் நீரில் பாக்டீரியா வளராமல் போகக்கூடும்.

செயல்படும் விதம்

பாலிமரேசு தொடர் வினையில், குறிப்பிட்ட பாக்டீரியாவுக்கே உரிய டி.என்.ஏ. துண்டு பல கோடி மடங்காகப் பெருக்கப்பட்டுக் கண்டறியப்படுகிறது. நிமோகாக்கசு, மெனிங்கோகாக்கசு, இமோபிலசு இன்புளுயன்சா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு இலக்காகக் கொள்ளப்படுகிறது. இறந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் சிறிது காலம் எஞ்சியிருக்கும். எனவே மருந்து தொடங்கிய பின்னரும் நோய்க்காரணியை அறிய முடிகிறது.

வகைகள்

பல்லிலக்குச் சோதனை ஒரே மாதிரியில் பல கிருமிகளைத் தேடுகிறது. 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு சோதனைத் தொகுதி, 6 பாக்டீரியாக்கள், 7 வைரசுகள், ஒரு பூஞ்சை வகை என 14 இலக்குகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சோதிக்கிறது. சப்பானில் உருவாக்கப்பட்டு 2000 இல் வெளியிடப்பட்ட சமவெப்பப் பெருக்க முறை, 60 முதல் 65 பாகை செல்சியசு வரையிலான ஒரே வெப்பநிலையில் நடைபெறுகிறது. வெப்பத்தை மாறிமாறி ஏற்றி இறக்கும் கருவி இதற்குத் தேவையில்லை என்பதால் சிறிய ஆய்வகங்களுக்கும் ஏற்றது.

பொது சுகாதாரப் பயன்

செனிகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்க மூளையுறை அழற்சி மண்டலத்தில் மெனிங்கோகாக்கசு கொள்ளைநோயாகப் பரவுகிறது. எந்தத் தடுப்பூசியைப் போடுவது என்பது பரவும் வகையைப் பொறுத்தது. அவ்வகையை மூலக்கூறுச் சோதனையால் அறியலாம். 2010 இல் தொடங்கிய 'ஏ' வகைத் தடுப்பூசித் திட்டத்திற்குப் பின் அவ்வகை நோய் பெருமளவில் குறைந்தது. ஆயினும் 'சி', 'டபிள்யூ' போன்ற பிற வகைகள் தொடர்ந்து பரவுவதால் வகையறிதல் இன்றியமையாததாக உள்ளது.

வரம்புகள்

பட்டியலில் இல்லாத பாக்டீரியாவை இச்சோதனை காட்டாது. ஆகவே எதிர்மறை முடிவு ஒன்றை மட்டும் நம்பி நோய் இல்லை எனக் கூற இயலாது. மாதிரி மாசுபட்டால் தவறான நேர்மறை முடிவு வரலாம். எந்தெந்த மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை முழுமையாக அறிய வளர்ப்புச் சோதனையே தேவைப்படுகிறது. எனவே இரண்டு சோதனைகளும் சேர்த்தே செய்யப்படுகின்றன. எந்த முடிவுக்காகவும் காத்திராமல், நோய் ஐயுறப்பட்டவுடன் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். சோதனை முடிவு வந்தபின் மருந்து அதற்கேற்ப மாற்றியமைக்கப்படுகிறது.