பறவை காண்பார்க்கு ஏற்ற சிறு தொலைநோக்கி

ஐப்பசியில் மழைக்காலம் தொடங்கும்போது, வடபுல நாடுகளின் கடுங்குளிருக்கு அஞ்சிய பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து நம் கடனீரேரிகளை நாடி வருகின்றன. பண்ணைத் தாம்போதியின் இரு மருங்கிலும், சுண்டிக்குளத்திலும், மன்னார் வங்காலையிலும் அவை கூட்டங்கூட்டமாக இரை தேடும் காட்சி கண்கொள்ளாதது. வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் வெறுங்கண்ணுக்கு அப்பறவைகள் சேற்றுத் தரையில் சிதறிய புள்ளிகளாகவே தோன்றும். அவற்றை அருகழைத்துக் காட்டுவது, பைனாகுலர் என வழங்கும் இருகண் தொலைநோக்கி.

அதனைத் தேர்ந்தெடுப்பதில் நாம் ஒருமுறை பெரும் பிழை செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவர் சிலர் கைச்செலவுக் காசில் மிச்சம்பிடித்து ஓராண்டாகச் சேர்த்த பணத்தை நம்மிடம் ஒப்படைத்தனர். 20 மடங்கு பெருக்கும் என்று கடைக்காரர் புகழ்ந்த பெரிய கருவியொன்றை நாமும் மகிழ்ந்து வாங்கினோம். தாம்போதியோரம் நின்று அதைக் கண்ணில் வைத்த மாணவனொருவன், சிறிது நேரம் தடுமாறிவிட்டு, “சேர், இதைவிட வெறுங்கண்ணே மேல்” என்றான். அவன் சொன்னது உண்மை. பறவை 20 மடங்கு பெரிதானது போலவே கையின் நடுக்கமும் 20 மடங்காயிற்று. பிள்ளைகளின் பணத்தை வீணாக்கினோமே என்ற வருத்தத்தினாலேதான் இக்கருவியின் இயல்பை ஆராயத் தலைப்பட்டோம்.

தொலைநோக்கியின் மேல் 8 × 25 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது பெருக்கம், இரண்டாவது, பொருளை நோக்கியிருக்கும் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8 × 25 கருவியில் அது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை 2 அல்லது 3 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுவதால் பகலுக்கு இதுவே போதும். அந்தி மயங்கும் வேளையிலோ பாவை விரிகின்றது. அப்போது சிறு கருவியில் காட்சி மங்கலாகும். அவ்வேளைக்கு 8 × 42 சிறந்தது. அது ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியைத் திரட்டும். ஆனால் 25 மில்லிமீற்றர்க் கருவிகள் பல 300 கிராம் அளவிலேயே இருக்க, 42 மில்லிமீற்றர்க் கருவிகள் பொதுவாக 600 கிராமுக்கு மேல் நிறுக்கும். சைக்கிளில் செல்லும் மாணவனுக்குச் சட்டைப்பையில் அடங்கும் கருவியே உற்ற துணை. கனத்துக்கு அஞ்சி வீட்டு அலுமாரியில் விட்டுச்செல்லும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

சிறியதை வாங்குவோர் தரத்தில் விட்டுக்கொடுத்தலாகாது. கருவியைக் கையெட்டும் தூரத்திற் பிடித்து வானொளியை நோக்கினால், கண்வில்லைகளில் இரு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இராது ஓரம் வெட்டுண்டு தோன்றினால் உள்ளிருக்கும் அரியங்கள் மட்டமானவை. மாணிக்கம் போற் சிவந்து மினுங்கும் வில்லைகளைக் கண்டு மயங்கற்க. அவை செந்நிற ஒளியை வெளியே தெறித்துவிடுவதால் பூநாரையின் இளஞ்சிவப்பே குன்றிவிடும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவுக் கருவிகளையும், குவியம் திருத்தவே வேண்டாதவை என விற்கப்படுவனவற்றையும் தவிர்த்தல் நன்று.

கடையை விட்டு வெளியே வந்து தொலைவிலுள்ள பெயர்ப்பலகையொன்றை நோக்குக. எழுத்துக்கள் ஓரத்தில் நிறம் பிரியாது கூர்மையாகத் தெரிதல் வேண்டும். முதலில் வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குக. பின்னர் இடக்கண்ணை மூடி, வலப்புறக் கண்வில்லையின் வளையத்தால் வலக்கண்ணுக்குத் திருத்துக. அதன்பின் இரு கண்ணாலும் சில நிமிடம் பார்த்தபோது காட்சி இரட்டித்தாலோ தலை வலித்தாலோ அதை வாங்கலாகாது. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்வில்லைக்கு அப்பால் 15 மில்லிமீற்றர் தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுக்காட்சி தருவதைத் தேர்க.

நம் கரையோர உப்புக்காற்றும் ஈரமும் வில்லைகளுக்குப் பகை. உள்ளே பூஞ்சணம் படர்ந்தால் நீக்குவது அரிது. ஆதலின் நைதரசன் வாயு நிரப்பி நீர்புகாது மூடப்பட்டவற்றை வாங்குக. வில்லையைச் சட்டைத் தலைப்பால் தேய்க்காது, முதலில் தூசியை ஊதி அகற்றுக. சூரியனை அதனால் ஒருபோதும் நோக்கலாகாது; கணப்பொழுதில் கண் கெடும்.

மறு ஆண்டில், இம்முறை நம் பணத்தில், நல்ல 8 × 25 கருவியொன்றை வாங்கி அதே தாம்போதிக்கு மாணவரை அழைத்துச் சென்றோம். முன்பு குறைகூறிய அம்மாணவன் கொக்கொன்றை நெடுநேரம் நோக்கி நின்றான். அது சேற்றினின்று ஒரு காலைத் தூக்கியதும், “சேர், கால் கறுப்பு, விரல் மஞ்சள்!” என்று கூவினான். சின்ன வெண்கொக்கை இனங்காட்டும் அடையாளம் அதுவே. நூலைப் பார்த்து நாம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னரே அவன் கண்டுகொண்டான். பெரிதாகக் காட்டுவதைத் தேடி ஏமாந்த நமக்கு, தெளிவாகக் காட்டுவதன் அருமையை அம்மஞ்சள் விரல்களே உணர்த்தின.